வெஸ் கட்டிய தோட்டாக்கள்

துல்லியமாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் ஒன்றுதானா? டெல்மர் ரௌட்டியோவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று தோன்றுகிறது. ஹெரான் கிரீக் ஊரில் யாரும் அதை இந்த வார்த்தைகளில் கேட்டதில்லை. அங்கே ஆட்கள் பனியைப் பற்றிப் பேசுவார்கள். மான் வேட்டை எப்போது தொடங்கும் என்று பேசுவார்கள். யாருடைய வண்டி எந்தப் பள்ளத்தில் சிக்கியது என்று பேசுவார்கள். டெல்மரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தை லேசாகச் சுளித்துக்கொள்வார்கள்.

அவர் எடையளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவின் வடக்கே, மேல் மிச்சிகனில் அவர் கை படாத மளிகைத் தராசு கிடையாது, அவர் சந்தேகப்படாத பெட்ரோல் பம்ப் கிடையாது. இறைச்சிக் கடைக்காரர்கள் அவர் வண்டியைத் தூரத்தில் பார்த்ததும் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். அந்த மரியாதையை அவர் அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு சந்தேகப்பட ஊரில் தராசுகள் இல்லாமல் போனதால், வீட்டின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, துப்பாக்கிகளைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

ரஷ்யா உடைந்த சமயம் அது. உலகத்தின் பழைய போர்களில் மிச்சமான துப்பாக்கிகளெல்லாம் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டு, பழுப்பு நிறக் கிரீஸில் ஊறி, சுப்பீரியர் ஏரிக்கரை வரை வந்து சேர்ந்தன. ஊர் இரும்புக்கடையில் பனி அள்ளும் மண்வாரிகளுக்கும் நாய்த் தீனி மூட்டைகளுக்கும் நடுவே அவை சாய்ந்து நிற்கும். உருளைக்கிழங்கு பொறுக்குவதுபோல ஆட்கள் பொறுக்கினார்கள். கிரீஸை எடுக்க மற்ற ஊர்க்காரர்கள் மண்ணெண்ணெய் தேடினார்கள். ஹெரான் கிரீக்கின் பின்லாந்து வம்சத்தினருக்கு அந்தக் கஷ்டம் இல்லை, வீட்டுக்கு வீடு சவுனா என்ற வெப்பக் குளியலறை இருந்தது. துப்பாக்கியின் மரக்கட்டையைச் சூட்டில் உட்கார வைத்தால் ஐம்பது வருஷத்துக் கிரீஸும் தானாக வியர்த்து வழியும். சனிக்கிழமை மாலைகளில் டெல்மரின் மனைவி ஆர்லீன் துண்டும் கையுமாக வாசலில் காத்திருப்பார். "என் புருஷன் உள்ள குளிக்கிறாரு. கூட யாருன்னு கேக்காத, போன வாரம் ஒரு ரஷ்யாக்காரி, இந்த வாரம் ரெண்டு பேரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தார்.

டெல்மரின் மதம் எளிமையானது. பழைய ராணுவத் துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு எண் அடித்திருக்கும். குழலில் உள்ள எண்ணும், பின்னாலிருந்து தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் அது துப்பாக்கி, இல்லாவிட்டால் அது இரும்பு. மரக்கட்டையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவனை அவர் மன்னித்ததில்லை. அந்தக் கீறலும் கறையும் வரலாறு, அதை அழிப்பவன் சாட்சியை அழிப்பவன் என்பார். மான் வேட்டைக்குத் தோதாகக் குழலை வெட்டிக் குட்டையாக்கியவர்களை, தேவாலயத்துக் கூரையைப் பிரித்து மாட்டுக்கொட்டகை போட்டவர்களைப் போலப் பார்ப்பார். அவர்கள் அதைக்கொண்டு மான் அடித்தார்கள் என்பது அவர்களுடைய குற்றத்தைக் குறைக்கவில்லை. அவரே மான் அடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவருடைய பொக்கிஷம் ஒரு பின்லாந்துத் துப்பாக்கி. 1942-இல் செய்தது, எல்லா எண்ணும் ஒன்று. டெல்மர் பின்லாந்துக்குப் போனதில்லை. அந்த மொழியில் ஒரு ஜெபமும் மூன்று வசவுகளும் தெரியும். ஆனாலும் அந்தத் துப்பாக்கியைத் தொடும்போது மட்டும் அவர் முதுகு நிமிரும். அதைச் சுடுவதற்கு எடுத்துப் போனதே இல்லை. ஏதாவது ஆகிவிட்டால்?

வெஸ் ட்ரெவாரோவுக்கு இதையெல்லாம் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். வெஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். சுரங்கக் காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த குடும்பம். டெல்மரும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தப் பின்லாந்துத் துப்பாக்கிகள் எல்லாமே, போரில் பிடித்த பழைய ரஷ்யத் துப்பாக்கியின் உடம்பை வைத்துப் பின்லாந்துக்காரர்கள் திருத்திக் கட்டியவை, இரண்டும் ஒரே தோட்டாவைத்தான் சுடும் என்பது சேகரிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. வெஸ் அதை மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார்.

"உள்ளாற பாத்தா ரஷ்யாக்காரிதானேடா உன் ஆளு. நீ என்னத்துக்கு இவ்வளவு நெஞ்சை நிமித்துற?"

பின்லாந்தில் திருத்தப்பட்டது, என்பார் டெல்மர். அதற்குமேல் அந்த விஷயத்தில் அவரிடம் வாதம் இருந்ததில்லை.

வெஸ்ஸின் துப்பாக்கிகள் ஒன்றுக்கும் எண் ஒத்துப்போகாது. போல்ட் ஒரு பெட்டியில் எடுத்தது, கட்டை இன்னொன்றில் எடுத்தது. போரில் யாரும் எண் பார்த்துச் சுடவில்லை என்பது அவர் கட்சி. இப்படியே இருவரும் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுதளத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருபது வருஷம் சனிக்கிழமைகளைக் கழித்தார்கள். நட்பு என்று இதற்குப் பெயர் வைக்க இருவருமே கூச்சப்பட்டிருப்பார்கள்.

தோட்டாக்களை இருவரும் தாங்களே கட்டினார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, புது வெடிமருந்தை அளந்து போட்டு, வாயில் குண்டை அழுத்தி மூடுவது. இளைஞனாக இருந்தால் ராணுவ அளவுக்கு மருந்து போடலாம். அறுபதைத் தாண்டிய தோள்களுக்கு அந்த உதை ஆகாது. எனவே சங்கத்துக் கிழவர்கள் எல்லோரும் டயர்க்கடையில் சக்கரத்திலிருந்து கழற்றிப்போட்ட ஈயத்தை உருக்கி வார்த்த குண்டும், சீக்கிரம் எரிகிற மருந்தில் ஒரு சிட்டிகையுமாகக் கட்டினார்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு. சிட்டிகை மருந்து கூட்டின் அடியில் எங்கோ கிடக்கும். கவனமில்லாமல் இரண்டாம் முறை போட்டாலும் கூடு வழியாது, வெளியே எதுவும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும்.

டெல்மர் இதற்காக வானொலியை அணைப்பார், ஆர்லீனை மாடிப்படியோடு நிறுத்திவிடுவார். கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி எல்லாவற்றுக்கும் மருந்து போட்டுவிட்டு, டார்ச் விளக்கால் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். பல் வைத்தியர் தோற்றார். வெஸ் கீழ்த்தளத்தில் பாடிக்கொண்டே கட்டுவார். ஒரு கையில் பேஸ்டி, கார்ன்வால்காரர்களின் இறைச்சிப் பணியாரம், இருக்கும், அதன் மாவு மேசையில் உதிரும். அவர் எப்படிக் கட்டுகிறார் என்று டெல்மர் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெஸ் வீட்டுக்குப் போனால் சுவரில் மாட்டியிருக்கும் துப்பாக்கிகளின் எண்களைப் படித்து வருத்தப்படவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

டெல்மர்தான் சங்கத்துப் பாதுகாப்பு அதிகாரி. வேறு யாரும் அந்த ஆரஞ்சு மேல்சட்டைக்கு ஆசைப்படவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் உறுப்பினர்களின் துப்பாக்கிகளைச் சோதித்து, சரி என்று ஒரு சீட்டைக் கட்டிவிடுவார். போல்ட்டை மூடினால் தோட்டாவுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி அதிகம் விழக்கூடாது. விழுந்தால் வெடிக்கும் வேகத்தில் பித்தளை கிழிந்து, வாயு பின்னால் முகத்துக்கு வரும். வேறு துப்பாக்கியின் போல்ட்டைப் போட்டவர்களுக்கு இந்தச் சோதனை முக்கியம். உள்ளே ஒரு அளவுக்கட்டையை வைத்து மூடிப் பார்க்க வேண்டும், அதன்மேல் போல்ட் முழுசாக மூடிக்கொண்டால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம்.

அந்த வருஷ வசந்தத்தில் வெஸ்ஸின் ரஷ்யத் துப்பாக்கி மேசைக்கு வந்தபோது, இருவருக்கும் எண்களைப் பற்றி வழக்கமான சண்டை நடந்தது. இந்த அனாதையை எந்தக் குப்பையில் எடுத்தாய் என்று கேட்டார் டெல்மர். உன் ரஷ்யாக்காரிக்குத் தங்கச்சிதான் என்றார் வெஸ். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெல்மர் எரிச்சலோடு சீட்டைக் கட்டி நகர்த்திவிட்டார். அளவுக்கட்டை பெட்டியிலேயே இருந்தது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அந்தத் துப்பாக்கி வெடித்தது. மரக்கட்டை நீளவாக்கில் பிளந்தது. வெஸ்ஸின் கண்ணாடி காப்பாற்றியது போக மிச்சம், வலது கண்ணில் பாதிப் பார்வை போனது. டெல்மர் ஓடிப்போய்த் தன் சட்டையைக் கழற்றி அவர் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதுவரை எல்லாம் சரி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆட்கள் கூடி, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பாதுகாப்பு அதிகாரியின் ஆரஞ்சு மேல்சட்டை அவரிடம்தானே இருந்தது. டெல்மர் பிளந்த துப்பாக்கியை ஒரு பார்வை பார்த்தார், சொன்னார்:

"ரெட்டை மருந்து."

"இல்லடா" என்றார் வெஸ், சட்டைக்கு அடியிலிருந்து. "நான் ரெண்டு தடவ போடல."

"நீ பாடிக்கிட்டே கட்டுற ஆளு, வெஸ்."

அவ்வளவுதான் விசாரணை. ஊர்த் தராசுகளையெல்லாம் சோதித்த மனிதர் சொன்ன பிறகு யார் மறுபடி நிறுத்துப் பார்ப்பார்கள்? அந்த வாரமே, வேறு யாரும் எடுத்துச் சுட்டுவிடக் கூடாது என்ற பாதுகாப்புக் காரணத்துக்காக, டெல்மர் அந்தத் துப்பாக்கியைக் காஸ் வெல்டிங் நெருப்பால் துண்டு துண்டாக அறுத்து இரும்புக் குப்பையில் போட்டார். உப்புத்தாளைச் சாட்சியை அழிக்கும் கருவி என்று இருபது வருஷம் பிரசங்கித்தவர், காஸ் நெருப்பைப் பற்றித் தனிக் கருத்து எதுவும் வைத்திருக்கவில்லை. அதோடு, இன்னொருவர் கட்டிய தோட்டாவை யாரும் சுடக்கூடாது என்று எழுதி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார். தோட்டா கட்டுபவர்கள் மத்தியில் அது எழுதாமலே இருந்த விதிதான். மனைவியைக்கூட நம்பலாம், அடுத்தவன் அளந்த மருந்தை நம்பக்கூடாது. டெல்மர் அதற்கு ஒரு ஆணி அடித்தார், அவ்வளவுதான்.

வெஸ்ஸுக்குப் பெயர் வந்துவிட்டது. ரெட்டை வெஸ். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் யார் தட்டிலாவது உப்புத் தூக்கலாக இருந்தால், சமையலுக்கு வெஸ் வந்தானா என்று கேட்பார்கள். காபியில் சர்க்கரை போடப் போனால் நாலு பேர் சத்தமாக எண்ணுவார்கள். ஹெரான் கிரீக்கின் நகைச்சுவை அப்படி. ஒரு முறை வேலை செய்தது சாகும்வரை வேலை செய்யும். வெஸ்ஸும் கூடச் சிரித்தார். ஆனால் சுடுதளத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். டெல்மர் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனார். பனி அள்ளும் இயந்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார்.

இரண்டாவது குளிர்காலத்தில், உறைந்த ஏரிமேல் மீன்பிடிக் குடிலில் உட்கார்ந்தபடியே வெஸ்ஸின் இதயம் நின்றது. அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் ஹாமும் உருளைக்கிழங்குமாகச் சாப்பாடு. சங்கத்து ஆள் ஒருவர், துக்கத்தில்தான், பாசத்தில்தான், காபிக் கோப்பையை உயர்த்தி, "நம்ம ரெட்டை வெஸ்ஸுக்காக" என்றார். பத்துப் பதினைந்து கோப்பைகள் உயர்ந்தன. வெஸ்ஸின் மனைவி வெர்னா தன் கோப்பையைத் தொடவில்லை.

கட்டியவர் இறந்துவிட்டால், அவருடைய தோட்டாக்களை ஒரு கூட்டாளி வந்து வாங்கிக்கொண்டு போய்ப் பிரிக்க வேண்டும். குண்டைப் பிடுங்கி, மருந்தைத் தோட்டத்தில் கொட்டி, பித்தளையைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுவது. அங்கே அது இறுதிச் சடங்கின் கடைசிப் பகுதி மாதிரி. டெல்மர் போவதற்குமுன் வெர்னாவே வந்தார். பச்சை நிற ராணுவத் தகரப் பெட்டியை டெல்மரின் சமையலறை மேசைமேல் வைத்தார், கோட்டைக் கழற்றவில்லை.

"இது அன்னைக்கு வெடிச்சதோட சேத்துக் கட்டுனதுல மிச்சம். அதே மருந்து, அதே ராத்திரி. யாரையும் தொட விடல அவன்."

எடுத்து வைக்கிறேன், பிரித்துவிடுகிறேன் என்றார் டெல்மர்.

"பிரிக்கிறது மட்டும் பத்தாது. நான் சொல்றதக் கேளு. துணி காயப்போடுற மெஷின் அவன் மேசைக்குப் பக்கத்துலதான் இருக்கு. இத்தன வருஷம் அங்கதான் நான் துணி மடிச்சேன். அவன் ஒண்ணுக்கு மருந்து போட்டான்னா, குண்டை அழுத்தி அதை மூடி முடிக்காம அடுத்ததைத் தொட மாட்டான். பாட்டுப் பாடுவான், பேஸ்டி திம்பான், ஆனா அதுல மாத்தம் கிடையாது. மூடின கூட்டுல எப்படி ரெண்டாவது தடவ போடுறது, டெல்மர்?"

அப்படிக் கட்டினால் போட முடியாது என்று டெல்மருக்குத் தெரியும்.

"நீ ஊர்ல இருக்கற தராசையெல்லாம் சோதிச்ச ஆளு. இதையும் சோதி. ஒண்ணுலயாவது ரெட்டை இருந்தா நான் வாயை மூடிக்கிறேன். இல்லன்னா, அத்தன பேருக்கு முன்னாடி சொன்னியே, அத்தன பேருக்கு முன்னாடி அதை எடுத்துக்க. அவன் பேரை எனக்குத் திருப்பிக் குடு."

ஆர்லீன் காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வெர்னா போய்விட்டார்.

பெட்டி கீழ்த்தளத்தில் மேசைமேல் உட்கார்ந்தது. டெல்மர் அதைத் திறந்தார், ஒரு தோட்டாவை எடுத்தார், பிடுங்கும் கருவியை எடுத்தார், இரண்டையும் கீழே வைத்தார். அடுத்த நாளும் அப்படியே. அவருக்கு இதில் ஒரு தர்க்கச் சிக்கல் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நல்லது என்று நினைத்திருக்கக்கூடும். மிச்சமுள்ள தோட்டாக்களில் ஒன்றில் இரட்டை இருந்தால் வெஸ் குற்றவாளி, முடிந்தது. ஒன்றிலும் இல்லாவிட்டால்? வெடித்த அந்த ஒன்று இந்தப் பெட்டியில் இல்லையே. நூறு நல்ல தோட்டாவும் அந்த ஒன்றுக்குச் சாட்சி சொல்ல முடியாது. ஆக இந்தத் தராசு ஒரு பக்கம்தான் சாயும். தண்டிக்க முடியும், விடுவிக்க முடியாது. விடுவிக்கக்கூடிய ஒரே பொருள் இரும்புக் குப்பையில் துண்டாகக் கிடந்து, உருகி, இந்நேரம் யார் வீட்டு வாணலியாகவோ ஆகியிருக்கும்.

இவ்வளவு அழகாக யோசிக்கிற மனிதர், அளவுக்கட்டை பெட்டியிலேயே இருந்த அந்த வசந்தத்தைப் பற்றியும் யோசித்திருப்பார். ஆனால் அதற்குத் தர்க்கம் தேவைப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, அதை அவர் யாரிடமும் எடுத்துப் பேசவில்லை.

"பிரிச்சாச்சா?" என்று ஆர்லீன் மாடிப்படியிலிருந்து கேட்பார்.

"இன்னும் இல்ல."

"முட்டையா அது, அடைகாக்குறதுக்கு?"

பனி உருகியது. வெர்னா தொலைபேசியில் அழைக்கவில்லை. கடையில் எதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைத்தார். அந்த வசந்தத்துச் சோதனையில் டெல்மர் ஒவ்வொரு துப்பாக்கியிலும் அளவுக்கட்டையை இரண்டு முறை வைத்து மூடிப் பார்த்தார். வரிசை கேட் வரை நீண்டது. வயசாகிவிட்டது பாவம், கை நிதானமில்லை என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

ஜூனில் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கான போட்டி நடந்தது. சங்கமே வந்திருந்தது, பெண்கள் சாலட் கிண்ணங்களை நிழலில் அடுக்கியிருந்தார்கள். வெர்னாவும் உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டெல்மர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க வந்தார் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஆர்லீனின் வாய் அப்படி.

டெல்மர் வண்டியிலிருந்து இறங்கினார். தோளில் பின்லாந்துத் துப்பாக்கி, கையில் பச்சைத் தகரப் பெட்டி. அந்தத் துப்பாக்கியை வெயிலில் யாரும் பார்த்ததில்லை. ஆட்கள் தொட்டுப் பார்க்க வந்தார்கள். அவர் நிற்கவில்லை. நேராகப் போய் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றினார், சங்கத் தலைவர் டான் கையில் கொடுத்தார். இடது பக்கமும் வலது பக்கமும் மூன்று மேசைகளைக் காலி செய்யச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, செய்யுங்கள் என்றார். டான் பெட்டியை எட்டிப் பார்த்தார். மூடியில் வெஸ்ஸின் கோணல் எழுத்து பெரிதாகவே இருந்தது.

"டெல்மர், இது அவனோடதா?"

"ஆமா."

"அடுத்தவன் கட்டுனதச் சுடக்கூடாதுன்னு பலகையில நீதான்யா ஒட்டுன."

"ஒட்டுனேன்."

"பிரிச்சாவது பாத்தியா?"

"இல்ல."

மேல்சட்டை தன் கையில் இருக்கிறது, இப்போது தடுக்க வேண்டியது தான்தான் என்பது டானுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் டெல்மர் பாயில் குப்புறப் படுத்து, ஐந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளியிருந்தார். கட்டையில் கன்னத்தை வைத்தார். ஆர்லீன் சாலட் கிண்ணத்தின் மூடியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

பெட்டி காலியாகும்வரை சுட்டார். எல்லாம் ஒழுங்காக வெடித்தன. சுட்டது சுமாராகத்தான் இருந்தது. இரண்டு குண்டுகள் இலக்குப் பலகைக்கே போகவில்லை. எந்தத் தோட்டாவிலும் எதுவும் நடக்காததால் எதுவும் நிரூபிக்கப்படவில்லை, அதை அங்கே எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் அவர்தான். என் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. அளவுக்கட்டையைப் பற்றியும் சொல்லவில்லை. எழுந்து முழங்கைகளில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

வெர்னா கயிற்றைத் தாண்டி வந்தார். அவர் முகத்தில் நன்றி இருந்ததா, கோபம் இருந்ததா என்பதில் அன்று பார்த்தவர்களுக்குள்ளேயே இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

"நீ சொல்லுவன்னுதானே வந்தேன்" என்றார். "ஏன் இப்படிப் பண்ணுன?"

டெல்மர் குனிந்து, புல்லில் சிதறிக் கிடந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அதற்கு அப்புறம் அவர் உயிரோடு இருந்த வருஷங்களில் வெர்னாவும் கேட்டார், டானும் கேட்டார், ஆர்லீன் எத்தனையோ முறை கேட்டார். அந்த மேல்சட்டையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை.